நாடா யார் கையில்?

1

என் மாமா முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். கோவை கணபதியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் அவருடைய பட்டறை. ஒரு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், ஒரு சாணைக்கல், வாசலில் ஒரு வேப்பமரம். பம்ப் செட் கம்பெனிகள் கரடாக அனுப்பும் வார்ப்புகளையும் கம்பிகளையும் கடைந்து, அளவுக்குக் கொண்டுவந்து திருப்பி அனுப்புவது அவர் தொழில். பள்ளி விடுமுறை முழுக்க நான் அங்கேதான் கிடப்பேன். சக்கில் மாட்டிய இரும்பு சுற்றும்போது மாமா பெரும்பாலும் அதைப் பார்க்கவே மாட்டார். வாசலில் யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார். திடீரென்று பேச்சை நிறுத்தி, “டூலு மழுங்கிருச்சு மாப்ள, அமத்து” என்பார். எனக்கு அந்தச் சத்தத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. நிறுத்திப் பார்த்தால் மழுங்கித்தான் இருக்கும்.

ஒருமுறை, அவருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி ஒன்று அவரை இரண்டு நாள் வரச்சொன்னது. புதிதாக சி.என்.சி. மிஷின் இறக்கியிருந்தார்கள். எந்த வார்ப்புக்கு என்ன ஸ்பீடு, என்ன ஃபீடு, முதல் கட் எவ்வளவு ஆழம் போகலாம், எந்த இடத்தில் அதிரும், அதிர்ந்தால் என்ன செய்வது என்று மாமா சொல்லச் சொல்ல ஒரு என்ஜினீயர் நோட்டில் எழுதிக்கொண்டாராம். இரண்டு நாள் கூலி கொடுத்தார்கள். மத்தியானம் பிரியாணி. அதைப் பற்றி மாமா வருஷக்கணக்கில் பேசினார். கல்யாண வீடு, எழவு வீடு, எங்கே நாலு பேர் உட்கார்ந்தாலும் அந்தக் கதை வரும். “கணபதியில இத்தன பட்டற இருக்குது. இத்தன பேத்துல என்னயத்தான கூப்ட்டாங்க!”

இரண்டு வருஷம் கழித்து அந்தக் கம்பெனியிலிருந்து வேலை வருவது நின்றது. வேறு கம்பெனிகளும் ஒவ்வொன்றாக நின்றன. இந்த இரண்டு விஷயங்களையும் மாமா ஒருநாளும் சேர்த்துப் பேசியதில்லை. எனக்கும் தோன்றியதில்லை. இருபத்து நான்கு வயதில் கர்ட் வானகட்டின் ‘பிளேயர் பியானோ’ நாவலைப் படிக்கும்வரை.

2

நாவலுக்குப் போகும் முன் ஒரு படத்தைப் பார்த்துவிடலாம். பொறியியல் கல்லூரிக் கருத்தரங்குகளிலும் கம்பெனிப் பயிற்சி வகுப்புகளிலும் நீங்களும் இதைப் பார்த்திருப்பீர்கள். நான்கு படிகள். முதல் படியில் நீராவி: 1784, முதல் இயந்திரத் தறி. இரண்டாவதில் மின்சாரம்: 1870, சின்சினாட்டி இறைச்சிக் கூடங்களின் தொடர் உற்பத்தி. மூன்றாவதில் மின்னணுவியல்: 1969, மாடிகான் 084 என்ற கட்டுப்பாட்டுக் கருவி. நான்காவது படி இன்று நாம் நிற்பது: இணையம், தரவு, தானாகக் கற்றுக்கொள்ளும் இயந்திரம். 2011இல் ஜெர்மனியின் ஹனோவர் தொழிற்கண்காட்சியில் ‘இண்டஸ்ட்ரி 4.0’ என்ற பெயர் வெளியே வந்தது. 2016இல் கிளாஸ் ஷ்வாப் எழுதிய ‘நான்காம் தொழிற்புரட்சி’ என்ற நூல் அந்த எண்ணிக்கையை எல்லோர் வாயிலும் போட்டது.

கதை படித்துப் பழகிய கண்ணுக்கு இது ஒரு கதைச்சுருக்கமாகத்தான் தெரிகிறது. இயந்திரம்தான் நாயகன். நான்கு அத்தியாயங்களிலும் அவன் வளர்ந்துகொண்டே போகிறான். மனிதர்கள் பெயரில்லாத துணைப்பாத்திரங்கள். கதையில் எது சொல்லப்படவில்லை என்று தேடுவது விமர்சகனின் வேலை என்றால், இந்தக் கதையில் சொல்லப்படாதது படிக்கும் படிக்கும் இடையில் இருக்கும் காலம்.

அந்த 1784ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். எட்மண்ட் கார்ட்ரைட் ஒரு பாதிரியார். நெசவுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 1785இல் அவர் காப்புரிமை வாங்கிய முதல் தறியை வைத்து ஒழுங்காக ஒரு முழம் துணி நெய்வதே கஷ்டம். திருத்தித் திருத்திப் பார்த்தார். அவர் ஆரம்பித்த ஆலையும் நொடித்துப்போனது. 1813இல்கூட பிரிட்டன் முழுவதிலும் இருந்த விசைத்தறிகள் சுமார் 2,400தான். 1833இல் அது ஒரு லட்சம். ஆக, படத்தில் ஒரு புள்ளியாக இருப்பது வாழ்க்கையில் ஐம்பது வருஷம். அந்த ஐம்பது வருஷமும் கைத்தறி நெசவாளர்கள் உயிரோடுதான் இருந்தார்கள். விசைத்தறிகள் பெருகத் தொடங்கிய 1820களில் அவர்களின் எண்ணிக்கை இரண்டு லட்சத்துக்கும் மேல். இயந்திரம் அவர்களை ஒரே நாளில் வெளியே தள்ளவில்லை. கூலியை மட்டும் குறைத்துக்கொண்டே வந்தது. நூற்றாண்டின் தொடக்கத்தில் வாரம் இருபது ஷில்லிங்குக்குக் குறையாமல் சம்பாதித்தவர்களின் பிள்ளைகள், முப்பதுகளில் அதே தறியில் அதைவிட அதிக நேரம் உட்கார்ந்து ஆறேழு ஷில்லிங் வாங்கினார்கள்.

பொருளாதார வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆலன் இந்தக் காலத்துக்கு எங்கல்ஸின் பெயரை வைத்தார். உற்பத்தி ஏறிக்கொண்டே இருக்க, உழைப்பவரின் கூலி பல பத்தாண்டுகள் அசையாமல் நின்ற காலம். கடைசியில் கூலியும் ஏறத்தான் செய்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் ‘கடைசியில்’ என்ற சொல்லுக்குள் ஒருவனுடைய முழு ஆயுளும் அடங்கிவிடுகிறது. நாவல் என்ற வடிவம் வேலை செய்ய வேண்டிய இடம் அதுதான்.

3

தறியைப் பற்றிப் பேசும்போது தமிழில் ஒரு வசதி. நெசவாளர் பாவுக்கு நடுவே வீசும் கருவிக்கு நாடா என்று பெயர். ஊடை நூலை வயிற்றில் வைத்துக்கொண்டு இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே ஓடும். பாட்டோ பேச்சோ பதிந்து வைக்கும் பட்டையையும் நாடா என்கிறோம். இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றா என்பது எனக்கு முக்கியமில்லை. தொழிற்புரட்சிகளின் கதையை இந்த ஒரு சொல்லை வைத்தே சொல்லிவிடலாம் என்பதுதான் முக்கியம்: முதல் நாடா இருந்த கையிலிருந்து இரண்டாவது நாடாவுக்கு ஒரு திறமை எப்படி இடம் மாறியது என்ற கதை.

பிரான்ஸின் லியோன் நகரம், 1804ஐ ஒட்டிய ஆண்டுகள். பட்டில் பூவேலை நெய்ய வேண்டுமென்றால் ஒவ்வொரு ஊடைக்கும் எந்தெந்தப் பாவு நூல் மேலே எழ வேண்டும் என்று தெரிய வேண்டும். நெசவாளர் நெய்வார், ஒரு பையன் தறிக்குப் பக்கத்தில் நின்று கயிறுகளை வரிசை தவறாமல் இழுப்பான். ஜோசப் மரி ஜக்கார்டு அந்த வரிசையைத் துளையிட்ட அட்டைகளுக்கு மாற்றினார். துளை இருந்தால் நூல் எழும், இல்லாவிட்டால் எழாது. பையன் தேவையில்லை. 1839இல் ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு 24,000 அட்டைகள். அந்தப் படத்தில் ஒன்றை வாங்கி வைத்திருந்த சார்லஸ் பேபேஜ், தன் கணக்கிடும் இயந்திரத்துக்கும் துளையட்டையைத் திட்டமிட்டார். காஞ்சிபுரத்தில் தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பையனின் வேலை போனதற்காக நான் அழப்போவதில்லை. நாள் முழுக்கக் கயிறு இழுத்து உடம்பு கோணிப்போகும் வேலை அது. போனது நல்லதுதான். கைத்தொழில் என்றாலே புனிதம் என்கிற பேச்சில் எனக்கு நம்பிக்கை கிடையாது. என் மாமாவின் இடது ஆள்காட்டி விரலில் நுனி இல்லை. நான் கவனிப்பது வேறு. பையனின் கையிலும் நெசவாளரின் நினைவிலும் இருந்த ஒன்று ஒரு பொருளாக மாறுகிறது. அட்டையாக மாறிவிட்டால் அதை விற்கலாம், பூட்டி வைக்கலாம், நகல் எடுக்கலாம். அந்த நெசவாளர் செத்துப்போனாலும் அதை ஓட்டலாம்.

இதை ஒரு கொள்கையாகவே எழுதி வைத்தவர் ஃபிரெடரிக் டெய்லர். 1911இல் வந்த ‘அறிவியல்பூர்வ நிர்வாகத்தின் கோட்பாடுகள்’ நூலில், தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்திருக்கும் அறிவையெல்லாம் திரட்டி, அட்டவணையாகவும் விதியாகவும் சூத்திரமாகவும் மாற்றுவது நிர்வாகத்தின் கடமை என்று வெளிப்படையாகச் சொல்கிறார். டெய்லர் என்றால் கையில் ஸ்டாப் வாட்ச் வைத்த மேஸ்திரி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் பட்டறையிலிருந்து வந்தவர்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. லேத்தில் இரும்பை எந்த வேகத்தில், எவ்வளவு ஆழத்தில் வெட்டினால் சரி என்ற ஒரே கேள்விக்காக 26 வருஷம் சோதனை நடத்தினார். எட்டு லட்சம் பவுண்டுக்கு மேல் இரும்பையும் எஃகையும் சுருள் சுருளாகச் சீவித் தள்ளினார். வெட்டும் வேகத்தைத் தீர்மானிப்பவை பன்னிரண்டு என்று கண்டுபிடித்து, அவற்றை ஒரு கணக்கீட்டு அளவுகோலில் அடக்கினார்.

அந்தப் பன்னிரண்டையும் என் மாமா காதால் கேட்டார். அந்தக் கம்பெனி என்ஜினீயர் நோட்டில் எழுதிக்கொண்டதும் அதைத்தான். 26 வருஷமும் எட்டு லட்சம் பவுண்டும் செலவு செய்ய வேண்டியதில்லை, ஒரு பிரியாணி போதும் என்பதுதான் இடைப்பட்ட நூற்றாண்டில் வந்த முன்னேற்றம்.

4

வானகட் 1947 முதல் 1951 வரை ஷெனெக்டடியில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் மக்கள்தொடர்புப் பிரிவில் வேலை பார்த்தவர். ஜெட் இன்ஜினின் சுழலிகளைச் செதுக்கும் ஒரு இயந்திரம் ஆள் கை படாமல் ஓடுவதை அங்கே பார்த்ததுதான் நாவலுக்கு விதை என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1952இல் வந்த அவருடைய முதல் நாவல் ‘பிளேயர் பியானோ’. இரண்டு வருஷம் கழித்து மலிவுப் பதிப்பாக வந்தபோது, அறிவியல் புனைகதை என்று விற்பதற்காகத் தலைப்பையே ‘உடோபியா 14’ என்று மாற்றினார்கள். பிளேயர் பியானோ என்பது துளையிட்ட காகிதச் சுருளை மாட்டிவிட்டால் தானாக வாசிக்கும் பியானோ. கட்டைகள் தாமாக அமுங்கி எழும். வாசிப்பவர் இருக்க மாட்டார்.

கதை நடக்கும் இடம் இலியம் என்ற கற்பனை ஊர். ஆற்றுக்கு இந்தப் பக்கம் மேலாளர்களும் பொறியாளர்களும் இயந்திரங்களும். அந்தப் பக்கம் மற்ற எல்லா மனிதர்களும். ஒரு பெரும் போரின்போது ஆள் இல்லாமல் உற்பத்தி செய்யப் பழகிவிட்டார்கள். போர் முடிந்து திரும்பியவர்களுக்கு வேலை இல்லை. ராணுவத்தில் சேரலாம், அல்லது சாலைப் பள்ளம் நிரப்பும் அரசுப் படையில் சேரலாம். அறிவுச் சோதனையின் மதிப்பெண் துளையட்டையில் பதிந்திருக்கும். யாருக்கு என்ன வேலை என்பதை இயந்திரம் சொல்லும். இலியம் ஆலைக்கு மேலாளர் பால் புரோட்டியஸ், வயது முப்பத்தைந்து. அவனுக்கு மெல்ல மெல்ல எல்லாம் கசக்கத் தொடங்குகிறது. ஒரு ரகசியக் கலகக் குழுவுக்குத் தலைவனாக்கப்படுகிறான். கலகம் நடக்கிறது, தோற்கிறது.

இந்தப் பெரிய கதையில் ரூடி ஹெர்ட்ஸ் என்ற கிழவர் சில பக்கங்களே வருகிறார். அவர் ஒரு லேத் ஆபரேட்டர். பல வருஷத்துக்கு முன்பு, இளம் பொறியாளர்களாக இருந்த பாலும் அவன் நண்பர்கள் இருவரும் ஆலையின் மிகச் சிறந்த கடைசல்காரர் யார் என்று கேட்டு ரூடியிடம் வந்தார்கள். அவர் லேத்தில் பதிவுக்கருவியை மாட்டி, அவருடைய ஒவ்வொரு அசைவையும் நாடாவில் பதிந்தார்கள். அது எதற்கு என்று ரூடிக்கு முழுசாக விளங்கவில்லை. ஆயிரக்கணக்கான பேரில் தன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது மட்டும் விளங்கியது. அது அவருக்குப் பிடித்திருந்தது. வேலை முடிந்ததும் மூவரும் அவரை எதிர்க்கடைக்கு அழைத்துப்போய் பியர் வாங்கிக்கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்தேன். அன்று இரவு மேற்கொண்டு படிக்க முடியவில்லை. பியருக்குப் பதில் பிரியாணி, வேறென்ன?

இப்போது ஆலையின் பழைய கட்டடத்தில் வரிசையாக நிற்கும் லேத்துகள் எல்லாவற்றையும் அந்த நாடாதான் ஓட்டுகிறது. ஒரு மதியப்பொழுதின் ரூடி, எத்தனை மடங்கு வேண்டுமானாலும் பெருக்கிக்கொள்ளத்தக்க ரூடி. பின்னொரு நாள் ஆற்றின் மறுகரையில் ஒரு மதுக்கடையில் பால் அவரைச் சந்திக்கிறான். ரூடிக்குக் கோபமில்லை. பழைய பெருமை இன்னும் இருக்கிறது. அங்கே ஒரு பிளேயர் பியானோ நிற்கிறது. பாலைக் கௌரவிப்பதற்காக ரூடி தன் காசைப் போட்டு அதை ஓடவிடுகிறார். கட்டைகள் தாமாக அமுங்குகின்றன. அங்கே ஒரு பேய் உட்கார்ந்து உயிரைக் கொடுத்து வாசிப்பதைப் போல இருக்கிறது என்கிறார். பாலால் அங்கே உட்கார முடியவில்லை, எழுந்து ஓடிவிடுகிறான். ரூடி சொல்வது தன்னைப் பற்றித்தான் என்று ரூடிக்குத் தெரியுமா? வானகட் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதுதான் அந்தக் காட்சியின் பலம்.

5

நாவல் வந்த அதே 1952இல் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் ஒரு இயந்திரத்தைக் காட்சிக்கு வைத்தார்கள். ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்த ஜான் பார்சன்ஸின் யோசனை, அமெரிக்க விமானப்படையின் பணம். துளையிட்ட காகித நாடாவில் உள்ள எண்களைப் படித்து உலோகத்தைச் செதுக்கும் இயந்திரம். இன்றைய சி.என்.சி.யின் தாத்தா.

டேவிட் நோபல் என்ற வரலாற்றாசிரியர் 1984இல் எழுதிய ‘உற்பத்திச் சக்திகள்’ இந்த இயந்திரத்தின் வரலாறு. ‘பிளேயர் பியானோ’வுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய புத்தகம். நாற்பதுகளின் கடைசியில் இரண்டு வழிகள் இருந்தன என்கிறார் நோபல். ஒன்று, பதிந்து ஓட்டுவது: கை தேர்ந்த தொழிலாளி ஒருமுறை கடைவார், அவர் அசைவு நாடாவில் பதியும், பிறகு நாடா ஓட்டும். ஜெனரல் எலெக்ட்ரிக் பொறியாளர்கள் இதை உண்மையாகவே செய்து பார்த்தார்கள். இரண்டாவது, எண்வழிக் கட்டுப்பாடு: பட்டறைப் பக்கமே வராத ஒருவர் அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடத்திலிருந்து கணக்குப் போட்டு நாடாவை எழுதுவது. முதல் வழி மலிவு, எளிமை, சின்னப் பட்டறைக்குக்கூட ஒத்துவரும். ஜெயித்தது இரண்டாவது. சிக்கலான விமான பாகங்களுக்கு அது தேவைப்பட்டதும், பணம் அந்தப் பக்கம் கொட்டியதும் காரணங்கள்தான். இன்னொரு காரணமும் இருந்தது என்று நோபல் வாதிடுகிறார். முதல் வழியில் நாடாவை உருவாக்கும் சக்தி தொழிலாளியின் கையில் இருக்கிறது. அவர் ‘மாட்டேன்’ என்றால் நாடா இல்லை. நிர்வாகத்துக்கு அது உறுத்தியது.

ஆக, வானகட் ஊகித்த எதிர்காலமும் வரலாறு போன பாதையும் வேறு வேறு. நாவலில் ரூடியின் நிழலாவது நாடாவில் மிஞ்சியது. நிஜத்தில் அந்த நிழலும் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். பல வருஷம் நான் இதை நாவலின் ஒரு சின்ன தவறாக எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. கணக்குப் போட்டு எழுத முடியாத திறமைகள் என்று சில இருந்தன. முகத்தைப் பார்த்துக் குணம் சொல்வது, ஒரு வாக்கியம் இடறுகிறதா என்று காதால் அறிவது, கையெழுத்தைப் படிப்பது. எந்தப் பொறியாளராலும் இவற்றுக்குச் சூத்திரம் எழுத முடியவில்லை. நான்காம் படியில் நிற்கும் இயந்திரம் இவற்றைச் சூத்திரத்தால் கற்கவில்லை. செய்து முடிக்கப்பட்ட லட்சக்கணக்கான வேலைகளைப் பார்த்துக் கற்கிறது. அதாவது, கைவிடப்பட்ட அந்த முதல் வழி திரும்பி வந்திருக்கிறது. ரூடியின் நாடா மறுபடி சுழலத் தொடங்கியிருக்கிறது. அவரிடம் மூன்று பேர் நேரில் வந்து கேட்டார்கள், பியராவது வாங்கிக்கொடுத்தார்கள். நம்மிடம் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

6

‘பிளேயர் பியானோ’வைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் என்னால் முடியவில்லை. அதன் பெரிய குறை, யாரும் பசித்திருப்பதில்லை. ஆற்றின் மறுகரையில் எல்லோருக்கும் வீடு இருக்கிறது, தொலைக்காட்சி இருக்கிறது, துணி துவைக்கும் இயந்திரம் இருக்கிறது. இல்லாதது ‘நான் எதற்காவது உபயோகம்’ என்ற உணர்வு மட்டும். போருக்குப் பிந்தைய அமெரிக்கச் செழிப்பிலிருந்து எழுதியவருக்கு அப்படித் தோன்றியதில் ஆச்சரியமில்லை. ஆனால் 1844இல் சிலேசியாவில் எழுந்த நெசவாளர் கலகத்தை வைத்து கெர்ஹார்ட் ஹாப்ட்மன் 1892இல் எழுதிய ‘நெசவாளர்கள்’ நாடகத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் ஒரு கிழவர் தன் வளர்ப்பு நாயை அடித்துச் சமைத்துத் தின்கிறார். வெகுநாள் இறைச்சி காணாத வயிறு அதைத் தாங்காமல் வாந்தியெடுக்கிறார். பெர்லின் போலீஸ் அந்த நாடகத்தைப் பொதுமேடையில் தடை செய்தது. தடை நீங்கி மேடையேறியபோது பேரரசர் வில்ஹெல்ம் அரங்கில் தனக்கிருந்த இருக்கையையே ரத்து செய்தார். வானகட்டின் நாவலுக்கு யாரும் எந்த இருக்கையையும் ரத்து செய்யவில்லை.

இரண்டாவது குறை, நாவல் ரூடியை விட்டுவிட்டு பாலின் பின்னால் போய்விடுகிறது. மேலாளனின் மனசாட்சி முந்நூறு பக்கம் புலம்புகிறது. பாலின் மனைவி அனிதா, கணவனின் பதவி உயர்வைத் தவிர வேறு யோசனையே இல்லாத பொம்மை. ரூடியின் வீடு எப்படி இருந்தது, அவர் அன்றைக்கு என்ன சாப்பிட்டார், எதுவும் தெரியாது. நாடாவில் பதிந்த பொறியாளர்கள் செய்ததையே நாவலாசிரியரும் செய்கிறார்: ரூடியிடமிருந்து தேவையானதை எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுகிறார்.

எல்லாவற்றிலும் கூர்மையான கேள்வி, கேலிச்சித்திரமாக வரைந்த ஒரு பாத்திரத்தின் வாயிலிருந்து வருகிறது. எங்கோ ஒரு கீழைத்தேசத்திலிருந்து அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கும் ஷா. சாலையில் வேலை செய்பவர்களைப் பார்த்து, அடிமை என்று பொருள்படும் தன் மொழிச்சொல்லைச் சொல்கிறார். கூட வந்த அதிகாரி பதறி, இல்லை இல்லை, குடிமக்கள் என்று திருத்துகிறார். ஓ, அப்படியா, இங்கே அதை இப்படிச் சொல்வீர்களா என்று ஷா தலையாட்டிக்கொள்கிறார். திருத்தத் திருத்த அவர் அந்தச் சொல்லை விடுவதில்லை. வேடிக்கைக்காக வைத்த கீழைத்தேசத்துக்காரர்தான் நாவலில் எல்லோரையும்விடத் தெளிவாகப் பார்க்கிறார். இதை வானகட் தெரிந்து செய்தாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

கடைசிக் காட்சி பற்றி வாசகர்களிடையே பேச்சு உண்டு. கலகக்காரர்கள் கண்ணில் பட்ட இயந்திரங்களையெல்லாம் உடைத்துத் தள்ளுகிறார்கள். தேவையானது, தேவையில்லாதது என்று பார்ப்பதில்லை. மறுநாளே ரயில் நிலையத்தில் ஒரு கூட்டம். யாருக்குமே பிடிக்காத ஒரு ஆரஞ்சு பானத்தை விற்கும் இயந்திரத்தை ஒருவன் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறான். கையெல்லாம் கிரீஸ், முகமெல்லாம் சிரிப்பு. சுற்றி நிற்பவர்கள் ஆர்ப்பரிக்கிறார்கள். தன்னைப் போன்றவர்களை வேலையிலிருந்து துரத்திய இயந்திரத்தைத்தான் இவன் மறுபடி உண்டாக்குகிறான் என்று பால் நினைத்துக்கொள்கிறான். மனிதன் திருந்தவே மாட்டான் என்ற கசப்பான முடிவாகத்தான் இதைப் பெரும்பாலும் படிக்கிறார்கள்.

எனக்கு அந்த மனிதனின் சிரிப்பு கசக்கவில்லை. மாமாவும் ஓடாத மிஷினைக் கண்டால் சும்மா இருக்க மாட்டார், கல்யாண மண்டபத்து கிரைண்டராக இருந்தாலும் கழற்றிவிடுவார். பழுது பார்ப்பது அவன் தப்பு இல்லை. சரியான பிறகு இது யாருக்காக ஓடும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்காததுதான் கோளாறு. 1811இல் நாட்டிங்ஹாம் பக்கத்தில் சட்டங்களை உடைத்த லட்டைட்டுகள் இலியம் கூட்டத்தைவிட நிதானமானவர்கள். கூலியைக் குறைத்து மட்டமான சரக்கு போட்ட முதலாளிகளின் காலுறைச் சட்டங்களை உடைத்தார்கள். ஒழுங்காகக் கூலி கொடுத்தவர்களின் சட்டங்களை விட்டுவைத்தார்கள். அவர்கள் பிரச்சினை இயந்திரம் இல்லை. அதற்குத்தான் அடுத்த வருஷம் தூக்குத் தண்டனைச் சட்டம் வந்தது. பிரபுக்கள் சபையில் கவிஞர் பைரன் அதை எதிர்த்துப் பேசியும் நிறைவேறியது.

நம் காலத்திலும் அந்தக் கேள்வியைச் சிலர் கேட்டிருக்கிறார்கள். 2023இல் ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இயந்திரத்தைத் தடை செய்யுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. இயந்திரம் எழுதியதைக் காட்டி எங்கள் பெயரையும் கூலியையும் வெட்டக் கூடாது, இயந்திரம் எழுதியதைத் திருத்தக் கொடுத்தால் அதைச் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஒப்பந்தத்தில் அது ஏறியது. அவர்களுக்குச் சங்கம் இருந்தது. கணபதியில் சந்துக்கு ஒரு பட்டறை இருந்தது, பட்டறைக்கு ஒரு மாமா இருந்தார். ரூடியும் அந்த மதியப்பொழுதில் தனியாகத்தான் நின்றார்.

7

தள்ளி நின்று பேசுகிறவனைப் போல இவ்வளவு நேரம் எழுதிவிட்டேன். நான் செய்யும் வேலையையும் சொல்லிவிட வேண்டும்.

ஒன்றரை வருஷமாக வீட்டிலிருந்தபடி ஒரு வேலை செய்கிறேன். திரையில் ஒரு கேள்வி வரும். கீழே இயந்திரம் எழுதிய இரண்டு தமிழ்ப் பதில்கள். எது நல்ல தமிழ், ஏன் என்று மதிப்பெண் போட வேண்டும். இரண்டுமே தேறாது என்றால் நானே எழுதிக் கொடுக்க வேண்டும். எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று காசு. ஆரம்பத்தில் ஒரு தேர்வு வைத்தார்கள். நிறையப் பேர் எழுதியதில் கொஞ்சம் பேரைத்தான் எடுத்தார்களாம். உங்கள் வாக்கியங்களில் நல்ல ஓட்டம் இருக்கிறது என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். இவ்வளவும் படித்த பிறகும், இவ்வளவும் தெரிந்த பிறகும், அந்த மின்னஞ்சல் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ரூடியின் பெருமையைப் பார்த்துப் பரிதாபப்படுவது சுலபம். வானகட்டும் கொஞ்சம் பரிதாபத்தோடுதான் எழுதுகிறார். உள்ளே இருந்து பார்த்தால் அது அசட்டுத்தனமாகத் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் ஒருவன் ஒன்றை நன்றாகச் செய்கிறான். சம்பளம் கொடுப்பவன் உட்பட யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஒருநாள் யாரோ வந்து, உன்னுடையதுதான் இருப்பதிலேயே நல்லது, அதைப் பதிந்து வைக்க வேண்டும் என்கிறார்கள். வேறெங்கும் கிடைக்காத மரியாதை அது. அந்த மரியாதை உண்மையானதாக இருப்பதால்தான் அதற்கு என்ன விலை என்று கேட்கத் தோன்றுவதில்லை. நான்கு படிகள் கொண்ட அந்தப் படத்தில், ஒவ்வொரு படிக்கும் கீழே இப்படிப் பெருமைப்பட்டுக்கொண்டு நின்றவர்களின் வரிசை ஒன்று இருக்க வேண்டும்.

போன மாசம் மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். லேத்தை விற்றுவிட்டார். பட்டறை இருந்த இடத்தில் பேக்கரி வந்துவிட்டது. வேப்பமரம் மட்டும் இருக்கிறது. காது இப்போது அவ்வளவாகக் கேட்பதில்லை. பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

“அந்தக் கம்பெனிக்காரங்க எழுதிக்கிட்ட நோட்டுல உங்களுக்கு ஒரு காப்பி குடுத்தாங்களா மாமா?”

“எனக்கெதுக்கு மாப்ள நோட்டு? எனக்குத்தான் தெரியுமே.”

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, நீ இப்ப என்ன வேலை பாக்கற என்று விசாரித்தார். எனக்குத் தெரிந்த மாதிரி விளக்கினேன். கம்ப்யூட்டர் தமிழ் எழுதுதுங் மாமா, அது சரியா தப்பான்னு நான் சொல்றேன், அது கத்துக்கும் என்றேன். நான் சொன்னது எவ்வளவு தூரம் அவர் காதில் விழுந்தது என்று தெரியவில்லை. முகம் மட்டும் மலர்ந்துவிட்டது.

“இத்தன பேத்துல உன்னயக் கூப்ட்டாங்களா?”

“ஆமாங் மாமா.”